நாற்பத்தொன்று போய்ச் சேர்ந்த இடம்

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் மட்டும்தான் அது பிழைத்துக் கிடந்தது. நெடுஞ்சாலை அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் எல்லோருக்கும் அவர் நாப்பத்தொண்ணு. "நாப்பத்தொண்ணு வந்துட்டாரா?" "நாப்பத்தொண்ணு இன்னைக்கு லீவாம்." "ஃபைலை நாப்பத்தொண்ணு மேசையில வச்சிடு." கேலிக்கு வைத்த பெயரைக் காலப்போக்கில் பட்டமாக எடுத்துக்கொள்வதற்கு ஒரு தனி மனசு வேண்டும். அது அவருக்கு வாய்த்திருந்தது.

நாற்பத்தொன்று என்பது ஒரு சாலையின் எண். மாநகரத்தின் பழைய மணிக்கூண்டுக்கு எதிரே, ஒரு செருப்புக் கடைக்கும் ஒரு பல் மருத்துவமனைக்கும் நடுவில் தொடங்குகிறது. அங்கிருந்து புறநகர், சுங்கச்சாவடி, தொழிற்பேட்டை, வயல், மலை, பொட்டல் என்று ஓடி, ஒன்றரை நாள் காரில் போனால் கடற்கரை ஊர் ஒன்றில் முடிகிறது. வழியில் எங்கேயும் எண் மாறுவதில்லை. அவர் அப்படித்தான் நம்பினார். நம்பினார் என்பதுகூடச் சரியில்லை. மூச்சு விடுகிறோம் என்று யாராவது நம்பிக்கொண்டா இருக்கிறார்கள்?

அவர் வேலை பார்த்தது பலகைப் பிரிவில். நெடுஞ்சாலை ஓரத்தில் பச்சை நிறத்தில் நிற்கும் பலகைகளில் எந்த ஊரின் பெயர் வர வேண்டும், எத்தனை கிலோமீட்டர் என்று போட வேண்டும், சாலை எண் எந்த மூலையில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் முடிவு செய்கிற பிரிவு. மாநகர எல்லைக்குள் இருக்கும் பலகைகள் மட்டும் அவர்கள் பொறுப்பு. சுங்கச்சாவடியோடு எல்லை முடிந்தது. அதற்கு அந்தப் பக்கம் பூமி இரண்டாகப் பிளந்தாலும் பலகைப் பிரிவுக்கு அது சேதி இல்லை. ஆனால் எல்லைக்குள் நிற்கும் பலகைகளில் எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களின் பெயர்கள்தானே இருக்கும்? அப்படியாக, தாம் பார்த்தே இராத ஊர்களுக்கெல்லாம் வழி சொல்வதே அவர் பிழைப்பாக இருந்தது. இதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. உலகத்தில் வழி சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த வகைதான்.

வேலை இப்படியென்றால் அவர் கொள்கை இன்னும் ஒரு படி மேலே. ஒரு மாநகரத்தின் பெருமை அதன் கட்டடத்திலோ ஜனத்தொகையிலோ இல்லை. அங்கிருந்து கிளம்பும் ஒரே ஒரு சாலை, எண் மாறாமல் எவ்வளவு தூரம் போகிறது என்பதில்தான் இருக்கிறது என்பார். நடுவில் இன்னொரு எண்ணோடு சேர்ந்து ஓடினால் அந்தச் சாலை அவர் கணக்கில் தோற்றது. இந்தச் சட்டத்தை எழுதியவரும் அவரே, நீதிபதியும் அவரே, பரிசு வாங்கும் சாலையும் அவருடையதே.

மாலைத் தேநீர் வேளையில் கணக்குப் பிரிவுக்காரர் இதைக் கிளறிவிடுவார். அவர் வீடு பன்னிரண்டாம் எண் சாலையில் இருந்தது. வாழ்க்கையில் அவருக்கு வேறு பெருமை ஏதும் இல்லாததால் அதையே பிடித்துக்கொண்டார்.

"எங்க பன்னெண்டு ரெண்டு மலையைத் தாண்டுது சார்."

"தாண்டும். யாரு இல்லேன்னா? நடுவுல ஏழாம் நம்பரோட ஒட்டிக்கிட்டுத்தானே தாண்டுது? இரவல் சட்டை போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்குப் போறவனெல்லாம் மாப்பிள்ளை ஆயிடுவானா?"

சுற்றியிருந்தவர்கள் சிரிப்பார்கள். கணக்குக்காரர் விடமாட்டார்.

"சரி, நீங்க நாப்பத்தொண்ணுல கடைசி வரைக்கும் போயிருக்கீங்களா?"

"நிலா எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொன்னவன் போயிட்டு வந்தா சொன்னான்?"

சுங்கச்சாவடியைத் தாண்டி அவர் ஒரு தடவைகூடப் போனதில்லை என்பது அந்த மாடி முழுக்கத் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் சொல்லவில்லை. சிரிப்பதற்கு ஒரு ஆள் வேண்டாமா?

வீட்டுக் கூடத்தில், டிவி மாட்ட வேண்டிய சுவரில், ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. அதில் மணிக்கூண்டு முதல் கடல் வரை குண்டூசி குத்திச் சிவப்பு நூல் இழுத்திருந்தார். டிவி ஒரு மூலையில் முக்காலி மேல் தலை குனிந்து இருந்தது. அவர் மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர். வாரம் ஒருமுறை அந்த வரைபடத்தைத் துணியால் துடைக்கும்போது, நூலில் எங்கேயோ ஓர் ஊசி கழன்று விழும். அன்று சாயந்திரம் வீட்டில் பேச்சு இருக்காது.

அவர்களுக்கு ஒரே மகள். வேலை கிடைத்து அவள் போன ஊர், நூல் முடிகிற அதே கடற்கரை ஊர். தற்செயல்தான். அவரோ அதை விதியின் கையெழுத்து என்று எடுத்துக்கொண்டார். மகள் அங்கே கப்பல் இன்ஜின் பார்க்கும் ஒருவனைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். இதை மட்டும் அவர் விதியின் கணக்கில் எழுத மறுத்தார்.

"ஆறு மாசம் தரையிலே இருக்கான், ஆறு மாசம் தண்ணியிலே இருக்கான். இவன் அட்ரஸ் என்னன்னு எழுதுவே?"

"வீட்டு அட்ரஸ்தான்ப்பா."

"வீட்டுல யாரு இருப்பா?"

"நான் இருப்பேன்."

ஒரு வருஷம் இந்தப் பேச்சு இதே இடத்தில் நின்றது. அவர் சம்மதம் இல்லாமலே அவள் பதிவுசெய்துகொண்டிருக்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் சாட்சிக் கையெழுத்து அப்பா போட வேண்டும் என்பது அவள் ஆசை. சின்ன வயதில் பள்ளி மதிப்பெண் அட்டையில் அவர் போடும் கையெழுத்துக்காகவே படித்த பெண் அவள். ஒரு வால் போட்டுச் சுழித்து, கீழே இரண்டு புள்ளி வைப்பார். அந்தக் கையெழுத்து தன் கல்யாணப் பதிவேட்டில் இல்லாவிட்டால் அது பாதிக் கல்யாணம் என்று அவளுக்குத் தோன்றியது. அன்பு இப்படி ஏதாவது ஒரு துரும்பில்தான் போய்த் தங்குகிறது. அதற்கு நல்ல இடமாகப் பார்த்துக் கொடுக்க நம்மால் முடிவதில்லை.

ஒருமுறை விடுமுறைக்கு வந்தவள், வரைபடத்துக்கு முன்னால் நின்றுகொண்டு சொன்னாள்.

"நாங்க வாடகைக்குப் பார்த்திருக்கிற வீடு மெயின் ரோட்டுமேலேயே இருக்குப்பா. ஜன்னலைத் திறந்தா எதிர்லயே உங்க நாப்பத்தொண்ணு போர்டு."

நாளிதழ் கீழே இறங்கியது.

"எதிர்லயேவா?"

"கையை நீட்டினா தொடலாம்."

"அப்போ நம்ம தெரு முனையில ஏறினா, ஒரு திருப்பம் இல்லாம உன் வாசலுக்கு வந்துடலாம்னு சொல்லு."

"அதைத்தான்ப்பா சொல்றேன்."

அவர் எழுந்து வந்து நூலை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினார். பிறகு, "பையன் என்ன, நல்ல பையன்தானே?" என்றார். ஒரு வருஷமாகக் குணம், குலம், கடல், காற்று எதுவும் அசைக்க முடியாததை ஒரு தகரப் பலகை அசைத்துவிட்டது. மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மகள் மட்டும் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் குண்டூசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏனென்றால் அவள் சொன்னதில் வீடு உண்மை, ஜன்னல் உண்மை, பலகையும் உண்மை. பலகையிலிருந்த எண் மட்டும் உண்மை இல்லை. அந்த ஊருக்குப் போகும் கடைசிப் பகுதிக்கு ஒரு வருஷத்துக்கு முன்பே எண்ணை மாற்றி, எண்பத்தாறு என்று போட்டுவிட்டார்கள். மகளுக்கு அது தெரியும், தினமும் பார்க்கிறாளே. பலகைப் பிரிவுக்குத் தெரியாது. சுங்கச்சாவடிக்கு அந்தப் பக்கம் நடந்த விஷயம் அல்லவா?

பதிவு ஒரு சனிக்கிழமைக்கு முடிவானது. பதிவு அலுவலகம் மதியத்தோடு மூடிவிடும். மாப்பிள்ளை திங்களன்று கப்பல் ஏறுகிறான்; திரும்பி வர ஆறு மாதம். ஆக அந்தச் சனிக்கிழமைக் காலையை விட்டால் வேறு காலை இல்லை.

"ரயில்ல வந்துடுங்கப்பா. ராத்திரி ஏறினா காலையில வந்துடலாம்" என்றாள் மகள் தொலைபேசியில்.

"ரயிலா?" என்றார் அவர், யாரோ அவரை மதம் மாறச் சொன்ன மாதிரி.

வெள்ளிக்கிழமை காலையில் பழைய காரில் கணவனும் மனைவியும் கிளம்பினார்கள். மணிக்கூண்டிலிருந்து தொடங்கினால்தான் கணக்கு சரியாக இருக்கும் என்று, வீட்டிலிருந்து ஊருக்குள் எதிர்த்திசையில் போய், நெரிசலில் ஒரு மணி நேரம் கிடந்து, செருப்புக் கடையைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். மனைவி கைப்பேசியில் வழி காட்டும் குரலைப் போட்டார். அவர் உடனே அதை அணைக்கச் சொன்னார்.

"அந்தப் பொம்பளைக்கு நம்பர் தெரியாது. இடது, வலது மட்டும்தான் தெரியும்."

"அது போதாதா?"

"போற இடத்துக்குப் போதும். போற ரோட்டுக்குப் போதாது."

சுங்கச்சாவடியைத் தாண்டியபோது அவர் கண் கலங்கியது உண்மை. அதைக் கேலி செய்ய மனமில்லை. முப்பது வருஷமாகக் காகிதத்தில் பார்த்த சாலை சக்கரத்துக்கு அடியில் ஓடும்போது யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அடுத்த ஒவ்வொரு பலகைக்கும் காரை நிறுத்தி, எழுத்தின் உயரம் சரியில்லை, கம்பம் சாய்ந்திருக்கிறது என்று பழுது சொல்லத் தொடங்கியதும் அந்த மரியாதையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. மலையைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்க்கவில்லை. "அதோ பாருங்க, எவ்வளவு பெரிய பாலம்!" என்று மனைவி சொன்னபோது, "பாலத்துக்கு முன்னாடி நம்பர் போடணும், போடல" என்றார்.

இரவு வழியில் ஒரு விடுதியில் தங்கிவிட்டு, மறுநாள் விடிந்ததும் புறப்பட்டார்கள். வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் அந்தச் சந்திப்பு வந்தது.

பொட்டலின் நடுவில் பெரிய சந்திப்பு. தலைக்கு மேல் அகலமான பலகை. நேராகப் போகும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் மகள் இருக்கும் ஊரின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது, அதன்கீழ் எண்பத்தாறு. இடது பக்கம் திரும்பும் அம்புக்குறிக்குப் பக்கத்தில் ஊர்ப் பெயர் இல்லை. நாற்பத்தொன்று என்ற எண் மட்டும் இருந்தது.

கார் நின்றது. பின்னால் வந்த லாரி ஒலி எழுப்பித் திட்டிவிட்டு ஒதுங்கிப் போனது.

"நேரா போங்க" என்றார் மனைவி.

"அது எண்பத்தாறு."

"ஊரு பேரு போட்டிருக்கு பாருங்க."

"ஊர்ப் பேரை உள்ளூர்க்காரன் எவன் வேணா எழுதுவான். நம்பர் அப்படி இல்லே. அது தலைமையிடத்துல முடிவாகிற விஷயம்."

"டாக்டர் கிறுக்குறதையே படிச்சு மருந்து குடுக்கிறவ நான். இவ்ளோ பெரிய எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாதா? அவ ஊரு நேரா இருக்குங்க."

"பழைய வழியா இருக்கும். இல்லே குறுக்கு வழியா இருக்கும். நாப்பத்தொண்ணு சுத்திக்கிட்டு அங்கேதான் போய்ச் சேரணும். வேற எங்க போகும்?"

மனைவி மகளைக் கைப்பேசியில் அழைத்தார். அங்கே கதவு திறந்து மூடும் சத்தம், யாரோ சிரிக்கும் சத்தம். "நேரா வாங்கம்மா. அங்கேயிருந்து ஒரு மணி நேரந்தான்" என்றாள் மகள். அவர் கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"ஒரே ஒரு கேள்வி. உன் வீட்டு எதிர்ல இருக்கிறது நாப்பத்தொண்ணு போர்டுதானே?"

வாயைத் திறப்பதற்குள் அவள் என்னவெல்லாம் நினைத்தாள் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. இல்லையென்று சொன்னால், பொய் சொல்லிச் சம்மதம் வாங்கினாயா என்பார். காரைத் திருப்பிக்கொண்டு போனாலும் போய்விடுவார். இன்னும் ஒரு மணி நேரம் தாண்டிவிட்டால் கையெழுத்து விழுந்துவிடும். அதற்குப் பிறகு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

"ஆமாம்ப்பா... ஆனா நீங்க நேராவே வாங்க" என்றாள்.

ஆமாம் என்ற சொல்லுக்குப் பிறகு வந்த எதுவும் அவர் காதில் ஏறவில்லை. கைப்பேசியை மனைவியிடம் நீட்டினார், வழக்கில் ஜெயித்தவர் தீர்ப்பு நகலை நீட்டுவது போல.

"கேட்டியா? அவளே சொல்லிட்டா."

மனைவி அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பின் இருக்கையிலிருந்த பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

"எங்கே இறங்கறே?"

"நீங்க உங்க நம்பரோட போங்க. நான் என் பொண்ணுகிட்ட போறேன்."

"அடி, சொன்னா கேளு. ரெண்டு பேரும் ஒரே நேரத்துலதான் போய்ச் சேருவோம், பாரு."

"அப்போ அங்கேயே பார்த்துக்கலாம்."

அவர் வீம்புக்குக் காரைக் கிளப்பினார். கண்ணாடியில் மனைவி சிறிதாகிக்கொண்டே போனார். தோளில் பை. கை காட்டுகிறார். ஒரு பேருந்து நிற்கிறது. அதன் நெற்றியில் மகள் ஊரின் பெயர் எழுதியிருந்தது. எண் எதுவும் இல்லை. பேருந்து என்ன இருந்தாலும் படிக்காத ஜாதி.

நாற்பத்தொன்று புதுச் சாலையாக, பளபளவென்று, ஒரு வண்டிகூட இல்லாமல் ஓடியது. அவருக்கு ஆனந்தம். இப்படி ஒரு சாலையை இந்த நாட்டில் எவனும் பயன்படுத்தத் தெரியாமல் இருக்கிறானே என்று வருத்தம்கூட வந்தது. வீடுகள் குறைந்தன. மரங்கள் குறைந்தன. கைப்பேசியில் சிக்னலும் போனது. உப்புக் காற்று அடித்தபோது, "வந்துட்டோம்" என்று பக்கத்து இருக்கையிடம் சொன்னார். அதில் தண்ணீர்ப் பாட்டில் உட்கார்ந்திருந்தது.

சாலை ஒரு பூட்டிய இரும்புக் கதவில் முடிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கடல். இந்தப் பக்கம் ஒரு தகரக் கொட்டகை, அதன் நிழலில் ஒரு காவலாளி. கதவுக்கு முன்னால் கம்பீரமான பலகை: நாற்பத்தொன்று, முடிவு.

"ஊர் எங்கே?" என்று கேட்டார்.

"எந்த ஊரு?"

சொன்னார்.

"அது அந்தப் பக்கம் சார். வந்த வழியே சந்திப்பு வரைக்கும் திரும்பிப் போங்க. அங்கேயிருந்து நேரா."

"இது நாப்பத்தொண்ணுதானே?"

"அதான் எழுதியிருக்கே."

"அப்போ ஊருல்ல இருக்கணும்?"

காவலாளி எழுந்து வந்து, கடலை ஒரு தடவை பார்த்துவிட்டு, அவரைப் பார்த்தார். "இங்கே துறைமுகம் வரப்போகுதாம் சார். அதுக்காக அந்த ரோட்டோட நம்பரை எடுத்து இந்த ரோட்டுக்குப் போட்டாங்க. நம்பர் வந்து ஒரு வருஷம் ஆச்சு. துறைமுகம் இன்னும் வரல."

அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. பெயர் வேறு, பொருள் வேறு என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்; அதைப் புரிந்துகொள்ள ஒரு பூட்டிய கதவும் கொஞ்சம் உப்புக் காற்றும் போதும் போலிருக்கிறது. அவருக்கு அப்போதும் முழுதாகப் புரிந்ததா என்பது சந்தேகம். ஏனென்றால் காரில் ஏறுவதற்கு முன்னால் அந்தப் பலகையைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார்.

மகள் வீட்டை அடைந்தபோது பிற்பகல் சரிந்திருந்தது. பதிவு முடிந்துவிட்டது. கடைசி நிமிஷம் வரை மகள் படிக்கட்டில் நின்று பார்த்தாளாம். அதிகாரி இரண்டு தடவை சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினாராம். அம்மா ஒரு கையெழுத்து. வாடகை வீட்டின் சொந்தக்காரர் ஒரு கையெழுத்து. முன்பின் தெரியாத அந்த மனிதர் வாடகை ரசீதில் போடுகிற மாதிரியே போட்டாராம். எல்லாம் மனைவி சொல்லித்தான் தெரிந்தது. மாப்பிள்ளை நாற்காலியை இழுத்துப் போட்டு, "களைப்பா இருப்பீங்க, உட்காருங்க மாமா" என்றான். நல்ல பையன்தான்.

அவர் உட்காரவில்லை. ஜன்னலுக்குப் போனார். எதிரே, கையை நீட்டினால் தொடலாம் போல, ஒரு பச்சைப் பலகை. எண்பத்தாறு. வெயிலில் ஒரு வருஷம் வெளுத்திருந்தது. நேற்று வைத்ததில்லை என்று அவருக்கா தெரியாது?

மகள் பின்னால் வந்து நின்றாள்.

"தினமும் இதைப் பார்த்திருப்பியே."

"பார்த்திருக்கேன்."

"காலையில கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களாப்பா?"

வந்திருப்பேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். எப்படியோ அந்தப் பொய் மட்டும் அவருக்கு வரவில்லை. அவரைப் பற்றி இந்த இடத்தில் ஒரு நல்ல வார்த்தை எழுதலாம் என்றால் அது இது ஒன்றுதான்.

"நான் பொய் சொல்லாம இருந்திருந்தா நீங்க சம்மதிச்சிருக்க மாட்டீங்க. சொன்னதால நீங்க வரல. இதுல நான் எதைத்தான் செஞ்சிருக்கணும்?" என்றாள். அழுகிறாளா என்று திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை. பலகையின் கம்பம் லேசாகச் சாய்ந்திருந்தது. அதைச் சொல்ல நாக்கு வரை வந்தது. விழுங்கினார்.

மனைவி மகளோடு சில நாள் இருந்துவிட்டு ரயிலில் வருவதாகச் சொல்லிவிட்டார். அவர் மறுநாள் விடியும் முன்பே தனியாகக் காரில் திரும்பினார். சந்திப்பு வந்தபோது பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மாலைத் தேநீர் வேளையில் மூன்றாவது மாடியே அவர் மேசையைச் சூழ்ந்துகொண்டது.

"என்ன சார், கடைசி வரைக்கும் போனீங்களா?" என்றார் கணக்குக்காரர்.

"போனேன்."

"நம்பர் மாறலையே?"

"ஒரு இடத்துலயும் மாறல. நேரா கடல்ல போய் முடியுது." கைப்பேசியை எடுத்துப் படத்தைக் காட்டினார். கம்பீரமான பலகை, பின்னால் இரும்புக் கதவு, அதற்கும் பின்னால் நீலம். கை மாறி மாறிப் போனது. கணக்குக்காரர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, தோல்வியை ஒப்புக்கொள்கிற மாதிரி தலையை ஆட்டினார். முப்பது வருஷத்தில் நாப்பத்தொண்ணு முதல்முறையாக ஜெயித்திருந்தார்.

"பிரமாதம் சார். அது சரி, பொண்ணு கல்யாணம் எப்படி நடந்துச்சு?"

அவர் தேநீர்க் கோப்பையை எடுத்தார். ஆறிப் போயிருந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அது எண்பத்தாறுல நடந்துச்சு" என்றார்.